மார்கழி சீசனும் தீம் பார்க்கும் ஒன்றுதானா?

வாசகர் கேள்வி, 10 டிசம்பர் 2023, காலை

சென்னையில் மார்கழியில் நடக்கும் நம் டிசம்பர் கர்நாடக இசை சீசன் ஒரு தீம் பார்க் ஆகிவிட்டது என்கிறேன். வாசலில் டிக்கெட், உள்ளே வரிசை, நடுவில் தீனி, வெளியே வரும்போது ஒரு செல்ஃபி. கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் குடும்பத்தோடு போகிறவருக்கும் மியூசிக் அகாடமி இருக்கும் டி.டி.கே. சாலைக்குப் பட்டுப்புடவையில் வருகிறவருக்கும் என்ன வித்தியாசம்? யாராவது சொல்லுங்கள்.

10 டிசம்பர், இரவு

வித்தியாசம் இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

தீம் பார்க்குக்கு ஒரு முதலாளி, ஒரு மதில், ஒரு வாசல். கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்டை 1955 ஜூலை 17 அன்று திறந்தார்கள் என்று நாள் குறித்துச் சொல்லலாம். நம் சீசனை யாரும் திறக்கவில்லை. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது கூடவே ஓர் அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அங்கே போட்ட தீர்மானத்தில் முளைத்தது மியூசிக் அகாடமி, 1928ல் தொடங்கியது. மகாசபையே கிறிஸ்துமஸ் வாரத்தில் கூடுவதுதான் வழக்கம். கோர்ட்டுகள் மூடியிருக்கும், வக்கீல்களுக்கு ஓய்வு. அந்த ஓய்வில் பிறந்த மாநாட்டால் இசைக்கும் டிசம்பர் அமைந்தது. பிறகு ஒன்றைப் பார்த்து ஒன்றாகக் கச்சேரி நடத்தும் சங்கங்கள், அதாவது சபாக்கள்: 1932ல் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ், 1943ல் தமிழிசைச் சங்கம், 1951ல் மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், 1953ல் கிருஷ்ண கான சபா, 1958ல் நாரத கான சபா. ஒவ்வொன்றுக்கும் தனிச் செயலாளர், தனிக் கணக்கு, தனிப் பிடிவாதம். இதை எப்படிப் பார்க் என்பது?

11 டிசம்பர்

நேற்று எழுதியதில் ஒரு விடுபடல். 1927க்கு முன் சபாவே இல்லாததுபோல் ஆகிவிட்டது. திருவல்லிக்கேணி ஸ்ரீ பார்த்தசாரதி சுவாமி சபா 1900லேயே தொடங்கியது. சபாக்கள் முன்பே இருந்தன. அவற்றை டிசம்பரில் கொண்டுவந்து குவித்தது அகாடமிக்குப் பிறகு நடந்தது. திருத்திப் படிக்கவும்.

12 டிசம்பர்

முதலாளி, மதில் எல்லாம் நிர்வாக விஷயம். கேட்டவர் கேட்டது அனுபவத்தைப் பற்றி. அதைத் தொடாமல் விட்டுவிட்டேன்.

காலாண்டு விடுமுறையில் மகளைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்பதாம் வகுப்பு. ரோலர் கோஸ்டருக்கு 50 நிமிடம் வரிசையில் நின்றோம். ஏறி இறங்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இறங்கியதும் "இன்னொரு வாட்டி" என்றாள். இன்னொரு 40 நிமிடம் நின்றோம். இரண்டாவது தடவை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதே வளைவில் அதே கத்தல். அவளுக்கு வேண்டியது அதுதான். எங்கே வயிறு காலியாகும் என்று தெரிந்து, அங்கே வந்ததும் அது நிஜமாகவே காலியாவதில் ஒரு ஆனந்தம்.

கச்சேரியில் அந்த உத்தரவாதம் கிடையாது. எனக்கு உயிரான ஒரு பாடகர். அவர் பாடும் பைரவி ராகத்துக்காக ஒரு வருடம் ஐந்து சபாக்கள் அலைந்தேன். நான்கு இடத்தில் அவர் பைரவியைத் தொடவே இல்லை. ஐந்தாவது இடத்தில் தொட்டார். அன்று தொண்டை கட்டியிருந்தது. கீழ் ஸ்தாயியிலேயே சுற்றிச் சுற்றி வந்தார். மேலே போகாமல் பைரவியை அப்படியும் பாடலாம் என்று அன்றுதான் தெரிந்தது. வயலின்காரர் மேலே போகக்கூடியவர்; போகவில்லை. பாடகர் விட்ட இடத்திலேயே தானும் நின்றார். அந்த நாளைத்தான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உத்தரவாதம் கொடுத்து டிக்கெட் விற்பது பார்க். கொடுக்க முடியாத ஒன்றுக்கு டிக்கெட் விற்பது சபா. என் பதில் இதுதான்.

13 டிசம்பர்

பெரம்பூரிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "பெரிய வித்வான்கள் ஒரே பட்டியலை ஆறு சபாவிலும் பாடுகிறார்களே, அது உத்தரவாதம் இல்லையா?"

நியாயமான கேள்வி. சீசன் முழுக்க ஒரே பாட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். "போன வாரம் அங்கே கேட்டது அப்படியே இங்கே" என்று நானே சலித்துக்கொண்டதுண்டு. ஆனால் பாட்டு ஒன்றானாலும் ஆலாபனையும் (ராகத்தை வார்த்தையில்லாமல் விரிப்பது) நிரவலும் (ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் புதிதாகப் பாடுவது) அப்படியே திரும்ப வராது. வந்தால் அன்று அவர் பாடவில்லை, ஒப்பித்தார் என்று அர்த்தம். ரசிகர்களுக்கு அது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பார்க்கில் அப்படியே திரும்ப வந்தால்தான் வெற்றி. இங்கே அது குறை.

16 டிசம்பர்

சீசன் சூடு பிடித்துவிட்டது. லஸ் பக்கம் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். சுற்றுவழியில் போய் நாலு மணிக் கச்சேரிக்கு நாலரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வர்ணமும் முதல் கிருதியும் போயின.

வரிசையில் நின்றபோது இந்த இழையைப் படிக்கும் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். அவர் யோசனை: "எல்லா சபாவும் சேர்ந்து ஒரே கார்டு போடட்டும். டிசம்பர் 15லிருந்து ஜனவரி 1 வரை எங்கே வேண்டுமானாலும் போகலாம். பார்க்கில் கையில் ஒரு பட்டை கட்டிவிடுகிறார்களே, அதுபோல." கேட்டதும் பிடித்தது. இப்போது அந்தந்த சபாவுக்குத் தனி சீசன் டிக்கெட். அது போக அன்றன்றைய டிக்கெட்டுக்கு விடியற்காலையில் வந்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள்.

டிஸ்னிலேண்டிலும் தொடக்கத்தில் ஒரே டிக்கெட் முறை கிடையாது. 1955ல் திறந்த நாளிலிருந்தே ஏ, பி, சி, டி, இ என்று சவாரிகளைத் தரம் பிரித்துச் சீட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். இ சீட்டுக்குத்தான் மவுசு. 1982ல் அதையெல்லாம் எடுத்துவிட்டு, ஒரு நுழைவுச் சீட்டு வாங்கினால் எல்லாவற்றிலும் ஏறலாம் என்று ஆக்கினார்கள். நாம் அவர்களுடைய பழைய முறையில் நிற்கிறோம் என்றுதான் தோன்றுகிறது. நமக்கும் தரப் பிரிவு உண்டு: பகல் 12 மணி, 2 மணி, 4 மணி, இரவு 7 மணி. இரவு ஏழுதான் இ சீட்டு.

17 டிசம்பர், விடிகாலை

மார்கழி ஒன்று. மாடவீதியில் பஜனை கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி மார்கழி விடியலில் கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் பாடிப் போன வழி இது. அவர் 1973ல் மறைந்தார். வழி இன்னும் இருக்கிறது. இன்று ஒரு பெரியவர் ஜால்ராவோடு முன்னால் போனார். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர், காதுவரை மப்ளர். பால்காரர் சைக்கிளை நிறுத்தி வழி விட்டார். கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கையில் கோலமாவோடு எழுந்து நின்றார். அவர்கள் தாண்டியதும் விட்ட புள்ளியிலிருந்து தொடர்ந்தார். யாரும் டிக்கெட் கேட்கவில்லை.

முதல் நாள் இரவே இதைச் சொல்லியிருக்க வேண்டும். அப்போது சபாக்கள்தான் மனதில் இருந்தன, தெரு இல்லை.

18 டிசம்பர்

இரண்டு திருத்தம்.

ஒன்று: சீட்டுப் புத்தகம் திறந்த நாளிலேயே வந்துவிடவில்லை. தொடக்கத்தில் நுழைவுக்குத் தனிக் காசு, ஒவ்வொரு சவாரிக்கும் தனிக் காசு. 1955 அக்டோபரில்தான் ஏ, பி, சி புத்தகம் வந்தது. டி மறு வருடம். இ சீட்டு 1959ல். 1982 சரி.

இரண்டாவது எனக்கு முக்கியமானது. ஒரே கார்டு வேண்டும் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். இரவெல்லாம் யோசித்தேன். ஒரே கார்டு என்றால் வசூல் பொதுவில் சேரும். பிறகு எப்படிப் பிரிப்பார்கள்? எந்த அரங்குக்கு எத்தனை தலை என்று எண்ணித்தான். எண்ணத் தொடங்கினால் பகல் 12 மணிக்கு இருபது பேருக்கு முன்னால் பாடும் பிள்ளையை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? கூட்டம் வராத சவாரியைப் பார்க்கில் கழற்றிவிட்டு வேறு வைப்பார்கள். சரியான வியாபாரம் அது. இங்கே அதைச் செய்தால் இன்னும் இருபது வருடத்தில் இரவு ஏழு மணிக்கு உட்கார ஆள் இருக்காது. இன்று ஏழு மணிக்குப் பாடுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் அந்த வெயில் நேரத்தில் காலி நாற்காலிகளுக்குப் பாடியவர்கள்.

பகல் கச்சேரிகள் அநேகமாக எல்லா இடத்திலும் இலவசம். அந்தக் கணக்கு நஷ்டக் கணக்காகவே இருக்கட்டும். ஆனால் நஷ்டத்தைப் பாடுகிற பிள்ளையின் தலையில் கட்டக்கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு மிருதங்கப் பையன் போன வருடம் ஒரு சபாவில் வாசித்துவிட்டு வாங்கிய கவர் ஆட்டோவுக்குப் போதவில்லை.

19 டிசம்பர்

இன்று கோபத்தில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 78. மூட்டு போய்விட்டது, சக்கர நாற்காலிதான். ஒரு காலத்தில் சீசனில் ஒரே நாளில் மூன்று கச்சேரி கேட்டவள். கையில் ராகக் குறிப்புப் புத்தகம், பிளாஸ்க், ஸ்வெட்டர். இன்று மதியம் ஒரு சபாவுக்கு (பெயர் வேண்டாம்) அழைத்துப் போனேன். முன்வாசலில் ஏழு படி. பக்கவாசலில் இரண்டு படிதான் என்றார்கள். அங்கே போனால் பூட்டு. சாவி கேன்டீன்காரரிடம். கேன்டீன்காரர் பந்தியில். கடைசியில் நானும் ஒரு கார் டிரைவரும் நாற்காலியோடு அம்மாவைத் தூக்கினோம். உள்ளே போனபோது தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முடிந்து, கடைசியில் பாடும் சின்னப் பாட்டுகளான துக்கடா ஓடிக்கொண்டிருந்தது. கழிவறைக்கு இன்னும் மூன்று படி. அம்மா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்கவே இல்லை நான். எனக்குத் தெரியும்.

செப்டம்பரில் அந்தப் பூங்காவில் இதே நாற்காலியோடுதான் அம்மாவும் வந்தாள், சும்மா வேடிக்கை பார்க்க. வாசலிலேயே சரிவுப்பாதை. ஒரு பையன் ஓடிவந்து, "பாட்டிக்கு நிழல் இருக்கிற பக்கம் இது" என்று வழி காட்டினான். வரிசை நிற்கும் இடத்துக்கு மேலே கூரை, மின்விசிறி, குடிக்கத் தண்ணீர். எந்தச் சவாரிக்கு எவ்வளவு உயரம் வேண்டும், யாருக்கு ஆகாது என்று எழுதிப் போட்டிருந்தது. உடம்பு என்று ஒன்றோடுதான் மனிதன் வருகிறான் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

பத்தாம் தேதி, "இதை எப்படிப் பார்க் என்பது?" என்று எழுதினேனே, அந்தப் பெருமிதம் இன்று எனக்கு இல்லை. அந்தச் சபாவுக்குக் கடிதம் எழுதிக் கையிலேயே கொடுத்துவிட்டேன். சரிவுப்பலகை ஒன்று, பக்கவாசலுக்கு ஒரு சாவி, கீழ்த்தளத்தில் ஒரு கழிவறை. மூன்றே வரி.

20 டிசம்பர்

கோபம் தணிந்தது. மகள் ஒரு கேள்வி கேட்டாள், அதை இங்கே வைக்கிறேன்: "ஆலாபனையும் கோஸ்டர் மாதிரிதானேம்மா? மெதுவா ஏத்திட்டே போய் மேல வெச்சு விடறாங்க?"

பாதி சரி. பெரும்பாலான கோஸ்டர்களில் முதல் ஏற்றம்தான் இருப்பதிலேயே உயரம். சங்கிலி பிடித்து இழுத்துக்கொண்டு போகும். வழியில் கேட்கும் அந்தக் கடகட சத்தம், பெட்டி பின்னால் வழுக்கிவிடாமல் தடுக்கும் பற்களின் சத்தம். உச்சியில் சங்கிலி விட்டுவிடும். அதற்குப் பிறகு மோட்டாருக்கு வேலை இல்லை. ஏறின உயரம்தான் கடைசிவரை செலவாகிறது. உராய்விலும் காற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதால், அடுத்து வரும் மேடு எதுவும் முதல் மேட்டைவிட உயரமாக இருக்க முடியாது.

காம்போதி ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே நிதானமாகத் தொடங்கி, பஞ்சமத்தில் கொஞ்சம் தங்கி, தைவதத்தில் சஞ்சாரம் செய்து, தாரஸ்தாயி ஷட்ஜத்தை, அதாவது மேல் ஸ்தாயி ‘ஸ’வைத் தொடும்போது அரங்கமே மூச்சைப் பிடிக்கும். அதுவரை மகள் சொன்னது சரி. அதற்குப் பிறகுதான் வேறு. அங்கே இழுக்கச் சங்கிலி இல்லை. வழுக்கினால் தடுக்கப் பல் இல்லை. சுருதி கால்வாசி விலகினால் அத்தனை பேருக்கும் கேட்டுவிடும். இறங்கி வந்த பிறகு, முன்னைவிட உயரமாக இன்னொரு தடவை ஏறவும் முடியும். நிரவலில் ஏறலாம், ஸ்வரத்தில் ஏறலாம். சில பெரியவர்கள் கடைசியில் தாளமில்லாமல் பாடும் ஒரு விருத்தத்தில், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் ஏறுவார்கள். கையிருப்பைச் செலவு செய்து ஓடுவது கோஸ்டர். பாடப் பாடக் கையிருப்பு வளர்வதும் உண்டு கச்சேரியில்.

மகளிடம் இதைச் சொன்னேன். "அப்போ விழுந்தா?" என்றாள். விழுவார்கள். விழுந்து எழுந்து பாடுவார்கள். அதையும் கேட்போம்.

23 டிசம்பர்

வைகுண்ட ஏகாதசி. கண்விழித்ததில் எழுத முடியவில்லை. திருவல்லிக்கேணியில் பரமபத வாசல் வரிசை எந்தப் பார்க் வரிசையையும் சின்னதாக்கிவிடும் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

24 டிசம்பர்

கேன்டீன். இதைத் தொடாமல் இந்த இழையை முடிக்க விடமாட்டீர்கள் என்று தெரியும். மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

கேட்டவர் "நடுவில் தீனி" என்றதில் ஒரு ஏளனம் இருந்தது. எனக்கு அது இல்லை. அறுசுவை நடராஜன், மவுண்ட்பேட்டன் மணி ஐயர், மின்ட் பத்மநாபன் என்ற சமையல்காரர்களின் பெயர்களைச் சபாப் பெயர்களோடு சேர்த்துச் சொல்லியே எங்கள் வீட்டில் வளர்ந்தோம். இந்த வருடம் எந்த சபாவில் யார் கேன்டீன் என்பதும் கச்சேரிப் பட்டியலோடு சேர்ந்த தகவல். நேற்று முன்தினம் கீரை வடையும் அடை அவியலும் சாப்பிட்டேன். அவியலில் தேங்காய் எண்ணெய் வாசனை மேலே நின்றது, சரியாக இருந்தது. காபி முதல் டம்ளர் பிரமாதம், இரண்டாவது டம்ளர் டிகாக்ஷன் தண்ணீராகிவிட்டது.

பார்க்கில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி கிடையாது. பையைத் திறந்து பார்த்து, வீட்டுப் புளியோதரையை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். நுழைந்தவன் உள்ளேதான் தின்ன வேண்டும். சபா கேன்டீன் எதிர்த்திசையில் இயங்குகிறது. டிக்கெட்டே இல்லாதவன் தெருவிலிருந்து நேரே வந்து இலையில் உட்காரலாம். பக்கத்து ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். அப்படி வந்தவர்தான் என் பக்கத்து வீட்டுக்காரர். சாப்பிட்டுக் கைகழுவும்போது உள்ளேயிருந்து நாகஸ்வரம் கேட்டு, நின்று, உள்ளே போய், பிறகு பன்னிரண்டு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறார்.

26 டிசம்பர்

கேன்டீனைப் புகழ்ந்ததற்கு ஒரு மிருதங்க ஆசிரியர் வருத்தப்பட்டுத் தனியாக எழுதினார். அவர் அனுமதியோடு சாரத்தைச் சொல்கிறேன். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் நாற்காலிகள் சரசரவென்று எழுந்துகொள்ளும். "நாங்கள் வாசிக்கத் தொடங்குவதே கேன்டீனுக்கு மணியடித்த மாதிரி ஆகிவிடுகிறது."

இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. நானும் எழுந்து போனவள்தான், பல வருடம். ஒரு தடவை வழியில் சக்கர நாற்காலி ஒன்று நின்றதால் வெளியேற முடியாமல் உட்கார்ந்தேன். மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து அளவைச் சுருக்கிக்கொண்டே போகும் குறைப்புக்கு வந்தார்கள். முழு ஆவர்த்தனமாக மாறி மாறி வாசித்தது பாதியாயிற்று. பாதி கால் ஆயிற்று. பிறகு நாலு தட்டுக்கு நாலு தட்டு, ஒரு தட்டுக்கு ஒரு தட்டு, இரண்டு பேரும் ஒரே மூச்சானார்கள். முத்தாய்ப்பான மோரா, கோர்வை, பல்லவி தொடங்கும் எடுப்பில் வந்து விழுந்தபோது என் கை தானாகத் துடையில் அடித்தது. கோஸ்டரின் செங்குத்து இறக்கம் எங்கே இருக்கிறது என்று மகள் இப்போது கேட்டால் அங்கே என்பேன். சரியாக அந்த இடத்தில் பாதிப் பேர் இறங்கிப் போகிறோம். பார்க்கில் பெட்டி ஓடும்போது கம்பி பூட்டியிருக்கும். இங்கே நம்மை உட்காரவைக்க மரியாதை ஒன்றுதான் இருக்கிறது.

27 டிசம்பர்

ஆருத்ரா. களி சாப்பிட்டாயிற்று. சபாவிலிருந்து பதில் இல்லை.

28 டிசம்பர்

"கொரோனா வருடத்தில் ஆன்லைனிலேயே சீசன் நடந்ததே, அப்போது உங்கள் தெருவும் கேன்டீனும் எங்கே போயின?" என்று ஒரு கேள்வி.

2020 டிசம்பர். ஆமாம், நடந்தது. அம்மா படுக்கையிலிருந்தே கேட்டாள், படி ஏறாமல். அதற்கு என்றும் நன்றி. துபாயிலிருந்தும் டொரோன்டோவிலிருந்தும் பணம் கட்டிக் கேட்டார்கள். அந்த வருடம் பல மாதங்கள் பார்க்குகள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தன. சவாரியைத் திரையில் அனுப்ப முடியாது. பாட்டை அனுப்ப முடிந்தது. ஆனால் என்ன நடந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஒலி சுத்தம், விளக்கு அழகு. ஒரு பிரயோகம் விழுந்ததும் பாடகர் நிமிர்ந்து எதிரே பார்ப்பார். எதிரே யாரும் இல்லை. வயலின்காரர் மட்டும் "பலே" என்பார். அடுத்த பிரயோகம் கொஞ்சம் சின்னதாகிவிடும். அந்த வருடம் நான் கேட்ட கச்சேரி எல்லாமே குறித்த நேரத்தில் முடிந்தன. ஒன்றுகூடத் தடம் மாறவில்லை.

இந்த இழை முழுக்கப் பார்க்கும் சீசனும் எங்கே பிரிகின்றன என்று தேடினேன். இங்கேதான் என்று இப்போது நினைக்கிறேன். காலியாக ஓடினாலும் கோஸ்டர் அதே கோஸ்டர். காலி அரங்கில் கச்சேரி அதே கச்சேரி அல்ல.

29 டிசம்பர்

விஜயகாந்த் நேற்றுக் காலையில் போய்விட்டார். இன்று தீவுத்திடலில் அஞ்சலி, அங்கிருந்து கோயம்பேட்டுக்கு ஊர்வலம். சாலை எங்கும் தலை. மாலைக் கச்சேரிக்குக் கிளம்பியவள் பாதி வழியில் ஆட்டோவை விட்டு இறங்கி நடந்தேன். ஆட்டோக்காரர் அழுதுகொண்டிருந்தார். காசு வாங்க மறந்துவிட்டார், கூப்பிட்டுக் கொடுத்தேன். மனசு சரியில்லை. பார்க்குக்குள் இருந்திருந்தால் ஊரில் துக்கம் என்பதே தெரிந்திருக்காது. நகரத்துக்குள் நடக்கிற விழாவுக்கு நகரத்துக்கு வருவதெல்லாம் வரும். இந்த மாதமே மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடுதானே தொடங்கியது.

31 டிசம்பர்

மதில் இல்லை, மதில் இல்லை என்று பத்தாம் தேதியிலிருந்து சொல்லிவருகிறேன். வியாசர்பாடியிலிருந்து ஒருவர் எழுதிய நாலு வரி இரண்டு நாளாகக் குடைகிறது: "உங்கள் சபாவுக்கு மதில் இல்லை என்கிறீர்கள். என் அப்பா பறை அடிப்பார். அவர் எந்த வாசல் வழியாக உள்ளே வர வேண்டும்? பார்க்கில் காசு கொடுத்தால் யாரையும் விடுவார்கள்."

பதில் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. அவர் சொல்வது உண்மை என்று மட்டும் சொல்கிறேன். பார்க்கின் மதில் கண்ணுக்குத் தெரியும்; டிக்கெட் விலைதான் அதன் உயரம். அந்த விலையும் பலருக்கு எட்டாதது. நம் மதில் கண்ணுக்குத் தெரியாது. இலவசக் கச்சேரிக்கே எத்தனை பேர் "நமக்கில்லை" என்று வாசலோடு திரும்பியிருப்பார்கள்? தமிழிசைச் சங்கம் எழுந்ததே, தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்க வேண்டியிருந்ததால்தான். 2015ல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் தெருவில் மேடை போட்டு விழா தொடங்கினார்கள். 2020 டிசம்பரிலிருந்து ‘மார்கழியில் மக்களிசை’ என்ற விழா நடக்கிறது. பறையும் கானாவும் ஒப்பாரியும் அதே மாதத்தில் மேடை ஏறுகின்றன. இவையெல்லாம் சீசனுக்கு வெளியே நடப்பவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்புதான் மதில். பத்தாம் தேதி நான் எழுதிய சபாப் பட்டியலைப் பாருங்கள். அதில் இவை எதுவும் இல்லை. பட்டியலைத் திருத்தி எழுதவில்லை. அப்படியே இருக்கட்டும், இந்தக் குறிப்போடு சேர்த்துப் படியுங்கள்.

1 ஜனவரி 2024

அகாடமியில் சதஸ், சீசன் முடிவில் விருது வழங்கும் விழா. பாடகி பாம்பே ஜெயஸ்ரீக்குச் சங்கீத கலாநிதி விருது. போன மார்ச்சில் லிவர்பூலில் நோய்வாய்ப்பட்டு மீண்டவர். அம்மா வீட்டிலிருந்தே கை தட்டினாள்.

4 ஜனவரி

அந்தச் சபாவிலிருந்து போன் வந்தது. கடிதம் கிடைத்ததாம். கழிவறைக்கு இப்போது வழியில்லை, கோடையில் பார்க்கிறோம் என்றார்கள். பலகை அடித்துவிட்டார்களாம். பக்கவாசல் சாவி இனி டிக்கெட் கொடுப்பவரிடம் இருக்குமாம்.

உடனே அம்மாவைக் கிளப்பினேன். பகல் 12 மணிக் கச்சேரி. பலகை கொஞ்சம் செங்குத்து. ஒரு ஆள் பின்னால் பிடிக்க வேண்டும், ஆனால் ஏறிவிட்டது. உள்ளே நாங்கள் இருவரோடு சேர்த்துப் பதினாறு பேர். மகளையும் இழுத்து வந்திருந்தேன். பாடிய பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. தோடி ராகம் எடுத்தாள். தாரஸ்தாயிக்குப் போகும்போது குரல் பிசிறடித்தது. கண்ணைத் திறந்து தம்பூராவைப் பார்த்தாள், கீழே வந்தாள், காந்தாரத்தில் கொஞ்சம் நேரம் நின்றாள். மறுபடி ஏறினாள். மறுபடியும் பிசிறு. அம்மா சக்கர நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்தபடி, "பரவாயில்லைடி கண்ணு" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். அந்தப் பெண்ணுக்குக் கேட்டிருக்கும், சிரித்தாள். மூன்றாவது தடவை ஷட்ஜத்தில் போய் நின்றாள். அதிக நேரம் இல்லை, ஆனால் நின்றாள். மகள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

தனிக்கு யாரும் எழவில்லை. எழுந்து போகவும் ஆள் இல்லை.

வெளியே வரும்போது அம்மா கேட்டாள், "இந்தப் பொண்ணு நாளைக்கும் பாடறாளா?" அந்தச் சபாவில் அவளுக்கு வருடத்துக்கு ஒரு கச்சேரிதான். விசாரித்ததில் அடுத்த ஞாயிறு நங்கநல்லூரில் வேறு இடத்தில் பாடுகிறாளாம். அங்கே எத்தனை படி என்று நாளை போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.